சும்மா இருக்கிற உத்தியோகம்

தெருவில் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் போய் ஓய்ந்த பிறகு, வெள்ளைச் சட்டையைப் பேண்ட்டுக்குள் செருகி, தலையைப் படிய வாரிக்கொண்டு, மாஸ்டர் தெருமுனை டீக்கடையில் ரோட்டைப் பார்த்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தாயிற்று. உள்ளே நிழலில் ஒரு பெஞ்சு காலியாகத்தான் கிடக்கிறது. அதில் உட்கார மாட்டார். போகிறவன் வருகிறவன் எல்லாரும் அவரைப் பார்க்க வேண்டும். பார்த்து, இந்த மனுஷன் வேலைவெட்டி இல்லாமல் கிடக்கிறான் என்று மனசில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு யாராவது கேட்டால் சாட்சி சொல்ல ஆள் வேண்டாமா?

சும்மா இருப்பதை இத்தனை சிரத்தையாகச் செய்கிற ஆள் இந்த ஊரில் வேறு கிடையாது. கையில் பை வைத்துக்கொள்ள மாட்டார். பை இருந்தால் சரக்கு என்று சொல்லிவிடுவார்களாம். எந்தக் கடையிலும் கல்லாப் பக்கம் நின்று பேச மாட்டார். டீக்கடைக்காரர் அவசரத்தில், "மாஸ்டர், அந்த கிளாஸை இப்படி நகத்துங்களேன்" என்றால்கூட, காது கேட்காதவர் மாதிரி பேப்பரைப் புரட்டுவார்.

"வம்பே வேணாம்ப்பா. கிளாஸ் எடுத்துக் குடுத்தா சப்ளையர்னு எழுதிடுவானுங்க" என்பது அவர் கட்சி.

மாஸ்டர் என்றால் கட்டிங் மாஸ்டர். பெரிய ஆயத்த ஆடைக் கம்பெனியில் நூறு அடுக்குத் துணியை மேஜையில் விரித்து மெஷின் கத்தியை ஓட்டினாரென்றால், நூறு சட்டைக்கும் கழுத்து ஒரே மாதிரி விழும். ஒருநாள் அந்தக் கத்தியின் காப்புத் தகடு கழன்று, பக்கத்தில் நின்ற பெண்ணின் விரல் போயிற்று. தகடு மாட்டுகிற வரைக்கும் சுவிட்சைத் தொட மாட்டோம் என்று மாஸ்டரும், நெட்டை என்று எல்லாரும் கூப்பிடுகிற அவருடைய கூட்டாளியும் நின்றுவிட்டார்கள். கம்பெனி மறுநாளே தகட்டை மாட்டியது. அந்தக் கையோடு இவர்கள் இரண்டு பேரையும் வெளியே தள்ளியது.

அன்றைக்கு ஏறியது தொழிலாளர் கோர்ட்டின் படி. எட்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் இறங்கியபாடில்லை. அவர் கேட்பது திரும்ப அந்த மேஜையும் விட்டுப்போன சம்பளமும். கம்பெனி வெளியே அனுப்பியதிலிருந்து வேறு எங்கும் வேலை பார்க்கவில்லை என்று கூண்டில் நின்று சத்தியம் செய்து சொல்லியிருக்கிறார். சொன்னது நிஜம். அந்த நிஜத்தைக் காப்பாற்றுவதே அன்றிலிருந்து அவர் பிழைப்பாகிவிட்டது. போன வேலை கிடைக்க வேண்டுமானால் வேறு வேலை பார்க்கக் கூடாது. இது எந்த ஊர் நியாயம் என்று நினைத்தால் நமக்கே வயிறு எரிகிறது, பாவி மனுஷனுக்கு எப்படி இருக்கும்?

அவர் பயப்படுவதிலும் அர்த்தம் இருக்கிறது. நெட்டை ஒருநாள், தெரிந்தவர் பழக்கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். யாரோ போனில் படம் பிடித்தார்கள். அது கோர்ட்டுக்கு வந்தது. தராசுத் தட்டில் கையும், எதிரே வாடிக்கையாளருமாக, நெட்டை படத்தில் நன்றாகவே விழுந்திருந்தான். "அவன் ஒரு சாவுக்குப் போனான், கடையப் பாத்துக்கன்னான், பாத்துக்கிட்டேன்" என்று தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தான். சம்பாதித்துக்கொண்டிருந்தவனுக்குச் சம்பளம் எதற்கு என்று கேஸ் கவிழ்ந்தது. அன்றிலிருந்து மாஸ்டருக்குப் போன் வைத்திருக்கிற கை எல்லாமே கம்பெனியின் கைதான்.

வீட்டில் மனைவியின் சம்பளம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். அவளுடைய வேலைச் சட்டையில் பட்டன் அறுந்தால் மாஸ்டர்தான் தைத்துக் கொடுப்பார், ஜன்னலைச் சாத்திவிட்டு.

"திருடறவன்கூட இவ்வளவு பயப்பட மாட்டான்" என்பாள் அவள்.

"சும்மா இரு. பாக்கறவன் கண்ணுக்கு அது டைலர் வேலை."

"நீங்க ஜெயிக்கற அன்னிக்கு நான் எந்திரிச்சு நின்னு கேக்கணும்ல? இப்பவே ராத்திரியானா நிக்க முடியல."

மாஸ்டர் ஊசியை நூல்கண்டில் குத்தி வைத்துவிட்டு ஜன்னலைத் திறப்பார். ஓய்வு வயதுக்கு அவருக்கு இன்னும் இரண்டே வருஷம் இருக்கிறது. அதற்குள் தீர்ப்பு வராவிட்டால் மேஜையும் கிடையாது என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதை மட்டும் இரண்டு பேரும் வாயால் சொல்லிக்கொள்வதில்லை.

இந்த நிலைமையில்தான் அவளுடைய தம்பி வந்தான். தையல் கடை வைத்திருக்கிறான். ஹோட்டல் ஊழியர்களுக்குச் சீருடை தைக்கிற பெரிய ஆர்டர் பிடித்துவிட்டான், வெட்ட ஆள் இல்லை. "மாமா, மேஜை உங்களுக்குத்தான். ஆனா வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்குள்ள சொல்லிடணும். இல்லேன்னா வேற மாஸ்டர போட்டுடுவேன். என் பொழப்பும் இருக்குல்ல" என்றான்.

வெள்ளிக்கிழமைதான் மாஸ்டர் கேஸில் கடைசி வாதம். மனைவி அவரை விடவில்லை. இன்றைக்கும் வாய்தா என்றால் நேரே தம்பி கடைக்குப் போய்விட வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் வேலைக்குப் போனாள்.

கோர்ட் வராந்தாவில் பெயர் கூப்பிடுகிற டவாலி வெளியே வந்தார். யார் பெயரையும் கூப்பிடவில்லை. "ஜட்ஜ் ஐயா மாத்தலாயிப் போயிட்டாரு. புது ஐயா வர்ற வரைக்கும் எல்லாம் வாய்தா" என்றார்.

"எப்ப வருவாரு?" என்று கேட்டார் மாஸ்டர்.

"அது தெரிஞ்சா நான் ஏன்யா இந்த வாசல்ல நிக்கறேன்?"

வக்கீல் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் அவர் பின்னாலேயே போனார். "சார், மச்சான் கடையில கூப்பிடறான். போகலாமா?"

"போங்க. யாரு தடுத்தா?" என்றார் வக்கீல். படியில் இரண்டு எட்டு இறங்கி, நின்று, திரும்பினார். "ஆனா சத்தியம் பண்ணிருக்கீங்க. அத நெனப்புல வெச்சுக்கிட்டுப் போங்க. படம் கிடம் வந்துச்சுன்னா அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது."

இதற்குப் போகாதே என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம்.

ஆனாலும் மாஸ்டர் போனார். கொடுத்த வாக்கு, அதோடு வேறு எங்கே போவது? கடையில் மச்சான் அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, நீலத் துணியை மேஜையில் விரித்தான். மாஸ்டர் துணியைத் தடவினார். இழை ஓடுகிற திக்கைப் பார்த்தார். சாக்பீஸை எடுத்து இழுத்தார். தோள் வளைவு ஒரே இழுப்பில் வந்து விழுந்தது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"மறக்கலடா" என்றார்.

"உங்களுக்கா மறக்கும்" என்றான் மச்சான்.

வேலை முடிந்து மனைவி வந்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் புருஷன் கத்தரியோடு நிற்பதைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிச்சி. கத்தரி துணிக்குள் இரண்டு விரல்கடை போயிருக்கும்.

வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். கையில் போன். போனைப் பார்த்தான், கடைப் பலகையைப் பார்த்தான், உள்ளே பார்த்தான், மறுபடியும் போனைப் பார்த்தான்.

மாஸ்டர் கத்தரியைச் சத்தம் வராமல் துணிமேல் வைத்தார். மேஜையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து மச்சான் முன்னால் நின்றார்.

"தம்பி, சட்டைக்கு அளவெடுங்க" என்றார்.

கல்யாணமான நாள் முதல் வாடா போடா என்று கூப்பிடுகிற மச்சானிடம்தான் அப்படிச் சொன்னார். அவன் திருதிருவென்று விழித்தான்.

"தபால் ஆபீசுக்கு எந்தப் பக்கம் போகணும்? இதுல இங்கதான் காட்டுது" என்றான் வாசலில் நின்றவன்.

"அடுத்த தெருங்க" என்றாள் மனைவி. அவன் போய்விட்டான்.

"வழி கேட்டு வந்த ஆள் மாமா. போயிட்டான்" என்றான் மச்சான் மெதுவாக.

மாஸ்டர் தெருவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்னங்க" என்றாள் மனைவி.

மச்சான் அக்காவைப் பார்த்தான். நேரம் போய்க்கொண்டிருந்தது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல், கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து மாமாவின் மார்பைச் சுற்றக் கொண்டுபோனான். டேப் வசதியாகச் சுற்றி வரட்டும் என்று, மாஸ்டர் இரண்டு கைகளையும் அகலமாக விரித்துத் தூக்கிக் கொடுத்தார்.