இருட்டில் பிடித்த கை

நேற்று ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கடையின் லிஃப்ட் பாதியில் நின்று இருண்டது. பக்கத்தில் யாரோ மூச்சுவிடும் சத்தம் கேட்டதும் அப்பாவின் நினைவு வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் பாறை சரிந்து அப்பா உள்ளே தனியாக மாட்டிக்கொண்டார். இரண்டாம் நாள்தான் உயிரோடு மேலே கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு வந்ததும், "என்கூட இருந்தவரு எங்க?" என்று கேட்டார்.

"நீங்க ஒண்டியாதான் இருந்தீங்களாம்," என்றாள் அம்மா.

"இல்ல. ஒருத்தரு என் கையப் புடிச்சிக்கினே இருந்தாரு. அவரு கை வேர்த்து நடுங்கிச்சு."

அவர் இடது மணிக்கட்டில் நான்கு விரல்தடங்கள் கன்றிப்போயிருந்தன.

பக்கத்து வீட்டு மேரி அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். "அண்ணா, அது ஏசுசாமி."

"சாமின்னா இன்னாத்துக்கு நடுங்கணும்?" என்றார் அப்பா.

"மனுசனாப் பொறந்த சாமியாச்சே. நம்ம ஒடம்பு, நம்ம பயம் எல்லாம் அவருக்கும் உண்டு."

நாங்கள் கும்பிட்ட சாமிகள் எதுவும் பயந்ததாக நான் கேட்டதில்லை.

அடுத்த வாரம் அப்பா மறுபடி ஷிஃப்டுக்குக் கிளம்பினார்.

"பயமா இல்லியா?" என்றாள் அம்மா.

"பயந்தான். அவருக்கும் இருந்துச்சே," என்று சொல்லிவிட்டுப் போனார்.

தடம் மறைந்த பிறகும் அப்பாவின் அந்தக் கையைத் தொட எனக்கு வெகுநாள் துணிவு வரவில்லை.