நண்பன் கொடுத்த சிக்லிட்

மகள் வேலைக்காகப் புனே போன பிறகு, எங்கள் மந்தைவெளி வீட்டில் அவள் மேசை இருந்த இடத்தில் நான்கடி மீன் தொட்டி ஒன்றை வைத்தோம். யோசனை என் நண்பனுடையது. சாந்தோமில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அடையாறில் அவன் வீட்டில் பல வருடங்களாக ஆப்பிரிக்க சிக்லிட் மீன்கள் இருக்கின்றன.

"நம்ம போர் தண்ணி உப்புத் தண்ணி, அதுங்களுக்குன்னே செஞ்ச மாதிரிடா. உனக்குச் சரியா வரும்" என்றான்.

தண்ணீர் பக்குவமாக வேண்டும் என்று ஒரு மாதம் மீன் இல்லாமல் தண்ணீரை மட்டும் ஃபில்டரில் ஓடவிட்டேன். பாறைகளை அடுக்கிப் பொந்துகள் செய்தேன். பிறகு சைதாப்பேட்டையில் ஒரு மீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் அவசரப்படாமல் சொல்லிக்கொடுத்தார். சிக்லிட் எல்லாம் தன் இடத்துக்குச் சண்டை போடும் ஜாதி. புதிதாக வளர்ப்பவர் ஆப்பிரிக்காவின் ஒரே ஏரியைச் சேர்ந்த, ஒரே அளவுள்ள, ஒரே தீனி தின்னும் சாதுவான வகைகளாக எடுக்க வேண்டும். ஆண் குறைவாக, பெண் அதிகமாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விட வேண்டும்.

"ஒரே ஒரு ரவுடி போதும் சார், மொத்த தொட்டியும் காலி" என்றார்.

மஞ்சள் லேப் என்ற வகையில் எட்டும், செம்பழுப்பு நிறத்தில் இன்னொரு வகையில் ஐந்தும் வாங்கி வந்தேன். என் மனைவி அன்று தொட்டியை விட்டு நகரவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து நண்பன் ஒரு வாளியோடு வந்தான். உள்ளே கருநீல உடம்பில் வெளிர் கோடுகளோடு ஒரு மீன்.

"உன் புதுத் தொட்டிக்கு என் பரிசு."

"சண்டை போடுமா?"

"சேச்சே, ரொம்ப சாது. என்கிட்ட ரெண்டு வருஷமா இருக்கு."

பெயர் கேட்டேன். ஞாபகம் இல்லை என்றான்.

மூன்றாம் நாள் ஒரு மஞ்சள் மீனின் வால் கிழிந்திருந்தது. ஐந்தாம் நாள் அது ஃபில்டருக்குப் பின்னால் செத்துக் கிடந்தது. அவனுக்கு ஃபோன் செய்தேன்.

"தண்ணிதான்டா காரணம். நீ தீனி அதிகமாப் போடற. தினமும் கால்வாசி மாத்து."

முதுகுவலியோடு தினமும் வாளி தூக்கினேன். தீனியைக் குறைத்தேன். மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. "நாம சரியாப் பாத்துக்கலையோ?" என்று மனைவி கேட்டபோது, நான்தான் ஏதோ தப்பு செய்கிறேன் என்று சொன்னேன். நம்பித்தான் சொன்னேன்.

மூன்றே மஞ்சள் மீன்கள் மிஞ்சியிருந்தபோது ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் பார்த்தவுடனே நிமிர்ந்தார்.

"இன்னா சார் இது, ஆரட்டஸ் ஆம்பள! சிக்லிட்லயே பெரிய ரவுடி. இத்த யாரு குட்த்தாங்க?"

"ஒரு ஃப்ரெண்டு. அடையாறு."

"அட, அந்த சாரா! போன மாசம் இதே மீன எட்த்துகினு வந்தாரு. தொட்டில எல்லாத்தையும் கொன்னுட்ச்சு, வாங்கிக்கோன்னாரு. நான் முடியாதுன்ட்டேன். புதுசா வளக்கறவங்க கைல மட்டும் குட்த்துடாதீங்கன்னு சொல்லிதான் அனுப்ச்சேன்."

அங்கிருந்து நேராக அடையாறு போனேன். அவனே கதவைத் திறந்தான். கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். முதலில் சிரித்தான்.

"மீனுதானேடா. அதைக் கொல்ல மனசு வரல. உன் தொட்டி பெருசு, சமாளிச்சுக்கும்னு நெனச்சேன்."

"சரி, அப்படி நெனச்ச. ஆனா நான் ஃபோன் பண்றப்பெல்லாம் தண்ணி, தண்ணின்னியே. அது ஏன்?"

அவன் திரும்பித் தன் தொட்டியைப் பார்த்தான். அதில் புதிதாக வாங்கிய மீன்கள் அமைதியாக நீந்திக்கொண்டிருந்தன.

"விஷயத்தைச் சொல்லி, வெச்சுக்கடான்னு கேட்டிருந்தா, இன்னொரு தொட்டி வாங்கி வெச்சிருப்பேனே. உனக்காக செய்ய மாட்டேனா?"

"காபி குடிச்சிட்டுப் போ" என்றான். குடிக்காமல் வந்துவிட்டேன்.

மிஞ்சிய மூன்றுக்கும் சின்னத் தொட்டி ஒன்று வாங்கினேன். பெரிய தொட்டி முழுவதும் இப்போது அந்த ஒற்றை மீனுக்குத்தான். அதை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மனைவி ஒருமுறை சொன்னாள். என்ன சொல்லிக் கொடுப்பது? உண்மையைச் சொன்னால் யாரும் வாங்க மாட்டார்கள். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதன் மீது எனக்குக் கோபமும் இல்லை. கிட்டே போனால் கண்ணாடியோரம் வந்து தீனி கேட்கிறது.

நண்பனோடு வழக்கமாகச் சனிக்கிழமை மாலைகளில் கடற்கரைக்கு நடக்கப் போவேன். சண்டை என்று எதையும் சொல்லி நிறுத்தவில்லை. அவன் கூப்பிட்ட முதல் சனிக்கிழமை முதுகு வலிக்கிறது என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். மூன்றாவது வாரம் அவன் கூப்பிடவில்லை.