ஓட்டிப் பார்க்காத டிஸ்க்

டிவிடியில் இருந்து படம் எடுத்துத் தரச்சொல்லி இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். புதிய லேப்டாப்களில் டிஸ்க் போடும் தட்டே கிடையாது. தோஹாவில், நஜ்மா பக்கம் நான் வேலை பார்த்த கடையில் பழைய ட்ரைவ் ஒன்று மிஞ்சியிருந்ததால் தேடி வந்தார்கள்.

நான் எட்டாவதோடு நின்றவன். சவூதியில், ஜுபைலில் குழாய்களுக்குப் பெயின்ட் அடித்தேன். பஹ்ரைனில், ஈசா டவுன் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் லைட் பிடித்தேன். அங்கேதான் எடிட்டிங்கைப் பார்த்துப் பழகினேன். விசா முடிந்ததும் தோஹா. எங்கேயும் மூன்று வருடம் முழுசாக இருந்ததில்லை.

அப்படி டிஸ்க்கோடு வந்தவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு கம்பெனி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, மேஜையில் ஒரு டிஸ்க்கை வைத்தார்.

"தம்பி, இதுக்குள்ள என்ர மனுசி இருக்கிறா. மகளுக்கு வாற மாசம் கலியாணம். மண்டபத்தில பெரிய திரையில போடவேணும். தெளிவா எடுத்துத் தரேலுமோ?"

அது அவருடைய கல்யாண டிஸ்க். மனைவி இறந்து வருடங்கள் ஆகிவிட்டன. மகளுக்குத் தாயின் முகம் சரியாக நினைவில்லை, போட்டோவில் பார்த்ததுதான். அம்மா நடப்பதையும் சிரிப்பதையும் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.

டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தேன். வட்டம் வட்டமாகக் கீறல். தொழிலாளர் கேம்ப் ரூமில் எட்டுப் பேர் பார்த்த பிளேயரில் ஓடிய டிஸ்க் அப்படித்தான் இருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்துப் போட்டேன். ட்ரைவ் கரகரவென்று சுற்றி, நின்று, மறுபடி சுற்றியது. தாலி கட்டும் இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. தெரிந்த ஒரே துண்டில் அவர் மட்டும் நின்றார்.

"அண்ணே, மீசை பெருசா இருக்கே."

"அந்தக் கோலத்தைக் கண்டும் பொம்பிளை தந்தவை, பாவங்கள்," என்று சிரித்தார். பிறகு கேட்டார், "அவ வரமாட்டாவோ?"

கெட்ட இடத்தில் இருப்பதை எந்த சாப்ட்வேரும் கொண்டுவராது என்றேன். ஊரில் வேறு காப்பி உண்டா என்று கேட்டேன். சண்டையில் வீடே போய்விட்டது, பிறகு காப்பி எங்கே என்றார். கெட்ட டிஸ்க்கை எடுத்து உறைக்குள் போட்டார்.

"இன்னொரு டிஸ்க் இருக்கு. ஆனா அது செத்தவீடு."

அந்த டிஸ்க்குகள் எனக்குத் தெரியும். அவர்கள் ஊரில் சாவையும் வீடியோ எடுப்பார்கள். வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்காகத்தான். யார் யார் வந்தார்கள் என்று தெரிவதற்காகக் கேமரா ஒவ்வொரு முகத்திலும் நின்று நகரும். அவர் மனைவி இறந்தபோது அவருடைய பாஸ்போர்ட், விசா கொடுத்த முதலாளியான கஃபீலிடம் இருந்தது; கஃபீல் நாட்டிலேயே இல்லை, அதனால் அவரால் ஊருக்குப் போக முடியவில்லை. லீவில் போய் வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பி டிஸ்க் வந்து சேர்ந்தது. இவர் அதைப் போட்டுப் பார்க்கவே இல்லை.

என் அப்பா இறந்தபோது நான் ஜுபைலில் டூட்டியில் இருந்தேன். எங்கள் பக்கம் அதையெல்லாம் யாரும் படம் எடுப்பதில்லை. போனில் சொன்னார்கள், அவ்வளவுதான்.

"அண்ணே, அந்த டிஸ்க்ல ஆரம்பத்துல அவங்க உயிரோட இருந்தப்ப எடுத்ததைக் கொஞ்சம் சேர்ப்பாங்க. கல்யாணம் எடுத்த ஸ்டூடியோவே இதையும் எடுத்திருந்தா, பழைய டேப்புல இருந்தே போட்டிருப்பாங்க."

"அதே ஸ்டூடியோதான்," என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம், கடைக்குள் கூட்டம் இல்லாத நேரத்தில் கொண்டுவந்தார். பெட்டியின் அடியில் துணிக்கு நடுவே வைத்திருந்தாராம். கம்ப்யூட்டரில் எழுதிய டிஸ்க் சும்மா கிடந்தாலும் கெட்டுப்போகும் என்பதால் எனக்குப் பயம். ஆனால் ட்ரைவ் சத்தமே போடாமல் படித்தது. ஃபைல்களை அப்படியே மாற்றாமல் காப்பி எடுத்துக்கொண்டு திறந்தேன்.

விளக்கு, பெயர், அதன் பிறகு மணப்பெண். பக்கத்தில் யாரோ ஏதோ சொல்ல, அந்தப் பெண் தலை குனிந்து, அடக்க முடியாமல் சிரித்தார். ஒரு கீறல் இல்லை. பழைய டேப் வீடியோவில் உருவங்களின் ஓரத்தில் வரும் பல்லுப்பல்லான கோடுகளை எடுத்ததும் கம்மல் கல் வரைக்கும் தெரிந்தது.

"இவதான்," என்றார் அவர்.

ஆனால் படத்தின் கீழே மலர்வு, உதிர்வு என்று பிறந்த தேதியும் இறந்த தேதியும் நின்றன. கல்யாண மண்டபத்தில் அதைப் போட முடியாது. எழுத்தை வெட்டினால் படத்தைப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினால் ஓரத்தில் மாப்பிள்ளையாக நிற்கும் அவர் போய்விடுவார். அதைச் சொன்னேன்.

"என்னை வெட்டுங்கோ. பிள்ளை கேட்டது தாயைத்தானே."

வெட்டினேன். நிறுத்தப் போனபோது, "ஓடட்டும் தம்பி," என்றார்.

முற்றம் வந்தது. பந்தல், நாற்காலிகள், அழுகிறவர்கள். ஒவ்வொரு முகத்துக்கும் அவர் மெதுவாக உறவு சொன்னார். மாமி. பெரியண்ணை. பள்ளிக்கூட ரீச்சர். சவப்பெட்டியைக் காட்டியபோது திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

அப்புறம் ஒரு சின்னப் பெண், வெள்ளைச் சட்டையில், யாருடைய இடுப்பிலோ இருந்தாள். படத்தில் தெரியாத ஒரு குரல் சொன்னது: "அப்பா இதில பாப்பார் பிள்ளை. அப்பாக்குக் கை காட்டு." குழந்தை நேராகக் கேமராவைப் பார்த்துக் கையை அசைத்தாள். கேமரா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. அவள் அசைத்துக்கொண்டே இருந்தாள்.

அவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். நான் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவர் குடிக்கவில்லை.

"இந்தத் துண்டையும் வெட்டித் தாங்கோ."

"கல்யாணத்துலயா போடப் போறீங்க?"

"சீச்சீ. இது எனக்கு."

வெட்டினேன். பின்னால் ஒப்பாரிச் சத்தம் அதிகமாக இருந்தது. ஒலியை எடுத்துவிடவா என்று கேட்டேன்.

"வேண்டாம் தம்பி. அதில வராத என்னைத்தானே சொல்லி அழுகினம்," என்றார்.

இரண்டு துண்டுகளையும் தனித்தனிப் பெயர் கொடுத்துப் பென்டிரைவில் ஏற்றினேன். மண்டபத்தில் மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்று அவரே இரண்டையும் மறுபடி திறந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.