முனியாண்டி பேரில் இருந்த வண்டி

நேற்றுக் காலையில் எதிர்வீட்டு நாயைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அது யாரையும் கடிக்கவில்லை. கழுத்தில் தகரம் இல்லையாம், அதற்காக. இந்த ஊரில் நாய் வளர்த்தால் வருஷத்துக்கு ஒரு தரம் ஆபீசுக்குப் போய் லைசென்ஸ் எடுத்து, நம்பர் அடித்த தகரத் துண்டு ஒன்றை வாங்கி அதன் கழுத்தில் கட்டவேண்டும். எதிர்வீட்டுச் சீனப் பெண் தெருவில் நின்று, "அது என் நாய், என் நாய்" என்று நாய் பிடிக்க வந்த மலாய்க்காரனிடம் அழுதாள். நாயும் அவளைப் பார்த்துத்தான் வாலை ஆட்டியது. அதெல்லாம் செல்லவில்லை. நம் பக்கத்தில் ஒரு நாய் யாருடையது என்று தெரியவேண்டுமானால் அது யார் வாசலில் படுக்கிறது என்று பார்ப்பார்கள். இங்கே காகிதத்தைப் பார்ப்பார்கள். ஊரில் இருக்கிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எனக்கு வேடிக்கையாக இல்லை. பிரிக்பீல்ஸுக்கு வந்த முதல் மாசத்திலேயே, எங்கள் வண்டி எங்களுடையது இல்லை என்று ஒரு ஆபீசில் சொல்லிவிட்டார்கள். காகிதப்படி அவர்கள் சொன்னது சரி. அதுதான் கஷ்டம்.

அப்போது மோட்டார் வண்டி என்றால் துரைமார் இரண்டு மூன்று பேரிடம் இருக்கும், அவ்வளவுதான். கல்லும் மண்ணும் விறகும் மனுஷரும் மாட்டு வண்டியில்தான் போகவேண்டும். நாங்கள் சிரம்பான் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்து, கணக்குத் தீர்த்துக்கொண்டு வெளியே வந்து, ஒரு பழைய வண்டியும் இரண்டு மாடுகளும் வாங்கினோம். ஒன்று செவலை, ஒன்று மயிலை. தோட்டத்தை விட்டு வந்ததற்குக் காரணம் உண்டு. நாங்கள் குடியிருந்த எட்டாம் லயத்துக்குப் பின்னால், மரவரிசை முடிகிற இடத்தில், என் மூத்த பெண்ணைக் காய்ச்சலுக்குக் கொடுத்துப் புதைத்தோம். ஒவ்வொரு நாளும் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு அந்த வரிசையிலேயே நான் மரப்பட்டை சீவிப் பால் எடுக்கப் போகவேண்டும். இரண்டு வருஷம் போனேன். பிறகு, "பிச்சை எடுத்தாலும் வெளியில் எடுப்போம்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பிள்ளையைப் பற்றி அவர் ஒரு நாளும் வாய் திறந்தவர் இல்லை. மறு மாசம் வண்டி வாங்கினார்.

வீட்டுக்காரர் சாமியாடி வம்சம். அறந்தாங்கிப் பக்கத்தில் அவர்கள் ஊர் எல்லையில் நிற்கிற முனியாண்டிக்கு அவர் அப்பாவும் தாத்தாவும் ஆடினார்கள், இவரும் ஆடினார். ஆடுகிறபோது இவர் ஆள் உயரத்துக்கு அரிவாளைத் தூக்கிக்கொண்டு வருவார். கட்டிக்கொண்ட நானே பக்கத்தில் போகப் பயப்படுவேன். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுகிற அன்றைக்கு அவர் வேண்டிக்கொண்டது, "அக்கரைக்குப் போய் முதல் முதலில் நான் எதை வாங்கினாலும் அது உன்னுடையது, நான் அதை ஓட்டுகிற ஆள்தான்" என்று. அந்த முதல் பொருள் வண்டியாக அமைந்துபோயிற்று. சிரம்பான் ஆபீசில் வண்டி யாருடையது என்று கேட்டபோது, அவர் மனசில் இருந்ததைச் சொன்னார். "முனியாண்டியோடது." ஓட்டுகிறவன் யார் என்று கேட்டார்கள். தன் பேரைச் சொன்னார். அந்தப்படியே எழுதி, நம்பர்த் தகரமும் கொடுத்துவிட்டார்கள். முனியாண்டி என்று நம்மவர் ஆயிரம் பேர் இருக்கிற சீமை. எழுதினவர் என்னத்தைக் கண்டார்?

இரண்டு வருஷம் வண்டி நன்றாக ஓடியது. பிறகு பிரிக்பீல்ஸ் சூளையில் செங்கல் ஏற்ற வண்டி வேண்டும், கையோடு வேலை என்று கேள்விப்பட்டு, சட்டி பானையை ஏற்றிக்கொண்டு காஜாங் வழியாக மூன்று நாள் வந்தோம். அந்த மூன்று நாளும் இப்போது நினைத்தாலும் நெஞ்சு குளிர்கிறது. காலை வெயிலில் ரோட்டுச் செம்மண் வாசனை, மாட்டுக் கழுத்து மணி, வண்டிக்குள் ஒரு வயசுப் பையன் தூங்குகிறான். எனக்கு இந்தச் சீமையிலேயே யாருக்கும் பதில் சொல்லவேண்டாத மூன்று நாள் அதுதான்.

நாலாம் நாள் பதில் சொல்லவேண்டி வந்தது. சூளை வாசலிலேயே ஒரு மாத்தாமாத்தா, அதாவது மலாய்ப் போலீஸ்காரன், வண்டியை நிறுத்தி நம்பரைத் தட்டிக் காட்டினான். இது பக்கத்து ராஜ்யம் நெகிரி செம்பிலான் நம்பர், இந்த ஊர் சிலாங்கூர், இங்கே குடிவந்தால் இங்கே எழுதி இங்கே நம்பர் வாங்கவேண்டும், பதினைந்து நாள் தவணை, அதற்குமேல் வண்டியைப் பிடித்துக் கட்டிவிடுவோம் என்றான். சூளை முதலாளி சீனத் தவுக்கே நல்லவர்தான். ஆனாலும், "நம்பர் கொண்டுவா, அப்புறம் கல் ஏற்று. இல்லையென்றால் பஞ்சாபிக்காரன் வண்டி இருக்கிறது" என்று சொல்லிவிட்டார்.

வண்டி ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டு, மூக்குக்கண்ணாடி, நெற்றியில் பட்டை விபூதி. அதைப் பார்த்ததும் நம்ம ஆள் என்று எனக்குத் தைரியம் வந்தது. அவர் பேசினதும் நம்ம தமிழ்தான், ஆனால் காதில் ஒட்ட நேரம் பிடித்தது.

"வண்டிச் சொந்தக்காரன் ஆர்? முனியாண்டியோ?"

"இல்லீங்க. நான் ஓட்டுறவன்."

"அப்ப முனியாண்டி எங்கை? அவரை வரச் சொல்லும். அவர் வந்து கைநாட்டு வைக்கோணும்."

வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். "அவரு ஊருல இருக்காருங்க."

"எந்த ஊரிலை?"

"எல்லையில. புளியமரத்தடியில நிக்கிறாரு."

"மரத்தடியிலை நிக்கிறவரை ஒருக்கா இஞ்சை வரச் சொல்லுமன். கடிதம் போடும்."

"அவரு நகரமாட்டாருங்க. பீடத்துல இருக்காரு."

கிராணியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம்தான் அவருக்கு விளங்கியது. சிரிப்பார் என்று பயந்தேன். சிரிக்கவில்லை. கையைத் தலையில் வைத்துக்கொண்டார். "ஐயோ, சாமியின்ர பேரிலை வண்டி எழுதி வைச்சிருக்கிறீரே காணும்! நான் துரைக்கு என்னண்டு சொல்லுறது?" பிறகு கொஞ்சம் யோசித்து, குரலைத் தாழ்த்தி, ஒரு வழி சொன்னார். முனியாண்டி என்பது உமக்கு இன்னொரு பேர் என்று துரை முன்னால் சொல்லிவிடும். முதலில் எழுதினபோது இரண்டு ஆள் மாதிரி எழுதிவிட்டார்கள் என்று நான் திருத்திக்கொள்கிறேன். பிறகு யார் பேருக்கு வேண்டுமானாலும் மாற்றலாம்.

வீட்டுக்காரர் காகிதத்தை எடுத்து மடித்தார், கும்பிட்டார், வெளியே வந்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

சூளைத் தடத்தில் எங்கள் பக்கத்துக் குடிசையில் ரயில்வேயில் வேலைபார்க்கிற ஒருவர் இருந்தார். அவர் பேரும் முனியாண்டி. விஷயம் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"எதுக்கு அக்கா அலையிற? இந்தா, பெருவிரலு ரெண்டும் சும்மாத்தான் கெடக்கு. ஒரு புட்டி கள்ளு வாங்கிக் குடு, நானே வந்து முனியாண்டின்னு வைக்கிறேன்."

"வச்சிட்டு வண்டிய ஓட்டிக்கிட்டுப் போயிட்டா நான் யாருகிட்ட போய் அழுவேன்?"

"சாமிகிட்ட அழு. அவருதான பழைய மொதலாளி!"

நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. நாள் போய்க்கொண்டிருந்தது. வண்டி நுகத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றது. மாடுகள் தின்றுகொண்டு நின்றன. ஒன்பதாம் நாள் அவர், "தோட்டத்துக்கே திரும்பிரலாம், கங்காணி சேத்துக்குவான்" என்றார்.

"அந்த மரத்தடியில நான் இன்னொரு தடவ வாளி தூக்கமாட்டேன். கிராணி சொன்னதச் சொன்னா என்ன?"

"சாமி பேர நான் எம் பேருன்னு சொல்லவா? நாக்கு அழுகிப்போகும்."

"வருஷா வருஷம் அருவாளத் தூக்கிக்கிட்டு, நான்தாண்டா முனின்னு ஊருக்கே சொன்னீங்களே?"

"அது நானா சொன்னேன்? அவரு சொன்னது."

"அப்ப அவரையே வந்து சொல்லச் சொல்லுங்க. கிராணியும் அதத்தான கேக்குறாரு!"

கோபத்தில்தான் சொன்னேன். அவர் எழுந்துபோய் ஆற்றில் குளித்துவிட்டு வந்து, அன்றிலிருந்து விரதம் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சூளைக்கு வேலை இல்லாத நாள். ஆற்றோரம் ஒரு மரத்தடியில் மூன்று செங்கல் நட்டு, மஞ்சள் பூசி, சுருட்டும் கள்ளும் வைத்தோம். ரயில்வேக்காரர் உடுக்கை அடித்தார். கேலி பேசின மனுஷர் அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். கடல் தாண்டி வந்த பிறகு வீட்டுக்காரருக்குச் சாமி வந்ததில்லை. வராது என்றுதான் நினைத்தேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு அவர் முதுகு ஒரு முறை வெட்டியது. எழுந்து நேரே என் முன்னால் வந்து நின்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "வண்டி உன்னுதுதான் சாமி. இங்கே காயிதம் கேக்குறாங்க. நாங்க என்ன செய்ய?" என்று கேட்டேன்.

"புள்ளைய மண்ணுக்குக் குடுத்தவ இவ. இவ பேருல எழுதுங்கடா வண்டிய," என்று குரல் வந்தது. கொஞ்சம் பொறுத்து, "நான் நடந்து போய்க்கிறேன்," என்றது.

அது முனி குரலா, அவர் குரலா? எனக்குத் தெரியாது. பிள்ளை என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். சாமி இறங்கினதும் தண்ணீர் கேட்டார். என்ன சொன்னேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாள் விடிந்ததும், "கெளம்பு, ஆபீசுக்குப் போகணும்" என்றார்.

துரையின் அறையில் மேலே பங்கா விசிறி ஆடிக்கொண்டிருந்தது. துரை தலையை நிமிர்த்தாமல் பேர் என்ன என்று மலாயில் கேட்டார். வீட்டுக்காரர் நின்றார். கிராணியார் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து, சொல்லும் சொல்லும் என்று கண்ணால் கெஞ்சினார். உடுக்கை இல்லை, சாம்பிராணி இல்லை. தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் சொந்தக் குரலில், சாதாரணமாக, "முனியாண்டி" என்றார். "முனியாண்டி நான்தான். இந்த வண்டிய இவளுக்குக் குடுக்கிறேன்." துரை எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். அவர் கைநாட்டு வைத்தார். மை கொஞ்சம் இழுத்துவிட்டது.

கிராணியார் என் பேர் கேட்டார். வெள்ளையம்மாள் என்றேன். வண்டிப் பலகையில் உடையவர் பேரும் எழுதவேண்டும் என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதிக்கொடுத்தார்கள். கிராணியார் அதன் கீழே தமிழிலும் எழுதச் சொன்னார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் எழுத்துப் படித்தேன். முதலில் வெ, அப்புறம் ள், அப்புறம் ளை. இன்றைக்கு இதை எழுதுகிற கை அந்தப் பலகையில் படித்த கை. பிரிக்பீல்ஸில் அந்தக் காலத்தில் பெண்பிள்ளை பேரில் ஓடிய வண்டி வேறு இருந்ததா? இருந்தால் சொல்லட்டும். பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்த வண்டி செங்கல் ஏற்றியது. ரோட்டில் போகிறபோது கட்டிடங்களைப் பார்த்து, இது நம்ம கல், அது நம்ம கல் என்று பையனுக்குக் காட்டுவேன். அவன் இப்போது கிள்ளானில் லோரி ஓட்டுகிறான். அதைப் பதிய அவனுக்கு ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்குப் பிறகு வீட்டுக்காரருக்குச் சாமி வரவில்லை. அடுத்த வருஷம் ஆடி மாசம் அதே மரத்தடியில் உடுக்கை அடித்தார்கள். அவர் குளித்து, மாலை போட்டு, பொழுது சாய்கிறவரைக்கும் நின்றார். ஒரு மயிர்கூடச் சிலிர்க்கவில்லை. முழங்கால் வலி, இனி ஆடமுடியாது என்று எல்லோரிடமும் சொன்னார். சும்மா இருக்கிறபோது அந்தப் பேரைச் சொல்லிவிட்டாரே, அதனாலா? அல்லது சொன்னபடி சாமி நடந்தே ஊருக்குத் திரும்பிப் போய்விட்டதா? வண்டியில் ஏறி உட்கார்கிறபோதெல்லாம் எனக்கு இது தோன்றும். இறங்கி நடந்துவிடலாமா என்றுகூடத் தோன்றும். ஆனாலும் ஏறித்தான் உட்கார்ந்தேன்.

வீட்டுக்காரர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. போவதற்கு முந்தின ஆடியில் மரத்தடிக்குப் போயிருந்தோம். இப்போது அங்கே தகரக் கூரை போட்டுச் சின்னக் கோயிலாகிவிட்டது. புதிதாக ஒரு இளவட்டத்துக்குச் சாமி வந்திருந்தது. அரிவாளைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் சுற்றிக்கொண்டு வந்தவன், இவர் முன்னால் வந்து நின்றான். நரைத்த தலையை மேலும் கீழும் பார்த்தான்.

"யாருடா நீ? இங்க பாத்த மொகமா இல்லையே. எப்ப வந்த?"

அந்த மரத்தடியில் முதல் கல்லை நட்டவர் கைகளைக் கட்டிக்கொண்டு குனிந்தார். "இப்பத்தான் சாமி," என்றார்.

சாமி அவர் கையில் விபூதியைப் போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போனது. அவர் அதில் பாதியை நெற்றியில் இட்டுக்கொண்டார். மீதியை வேட்டி முனையில் பத்திரமாக முடிந்துகொண்டார். எட்டாம் லயத்துக்கா, ஊர் எல்லைக்கா, எங்கே கொண்டுபோக என்று நான் கேட்கவில்லை.