நேற்று என்ன சமையல் என்று கேட்டவர்

சூசையின் போன் வந்தபோது நான் பாத்திரம் கழுவும் மெஷினில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் ஏப்பம் விட்டுக்கொண்டு போய் அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. "அக்கா, பிலோ போயிட்டாக்கா" என்றார். "எங்க போனா?" என்று கேட்டேன். அந்த மடத்தனத்தை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. போனில் அவர் அழுவது மட்டும் கேட்டது.

டெய்ரி ஃபார்ம் பகுதியில் ஒரு வீட்டில் மெஷின் வேலையை முடித்துவிட்டுக் கணவர் சூசையின் ஆட்டோவில் திரும்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். ஆஸ்பத்திரி வாசலை அடைவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முப்பதாம் நாள் ஜெபத்தில் வாசிக்க நான்தான் எழுத வேண்டும் என்று சூசை கேட்டுக்கொண்டார். "மரியாதையா எழுதுங்கக்கா" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். உயிரோடு இருந்தவரை "வாடி, போடி" என்று கூப்பிட்டவளை இப்போது "அவர்" என்று எழுத வேண்டியிருக்கிறது. எழுதுகிறேன். அந்த மரியாதைக்கு அவர் முழுக்க உரியவர். மேலே இருந்து கேட்டுவிட்டுச் சிரித்தால் சிரிக்கட்டும்.

பிலோமினா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரில் பிறந்தவர். கல்யாணமாகிப் போர்ட் பிளேருக்கு வந்தார். வீட்டுச் சாமான்கள் பழுதுபார்க்கும் ஒரு கடையில் போன் எடுத்துப் புகார் எழுதும் வேலை கிடைத்தது. ஸ்க்ரூடிரைவரைத் தொடும் வேலை அவருக்கு இல்லை. ஆனால் நாள் முழுக்க ஜனங்கள் போனில் புலம்புவதைக் கேட்டுக் கேட்டு, எந்தப் புலம்பலுக்கு எந்தப் பழுது என்று அவருக்கு அத்துப்படியாகிவிட்டது. கடையை மூடிவிட்டு முதலாளி மெயின்லாண்டுக்குப் போனபோது மெக்கானிக்குகள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். பிலோமினா பழைய கருவிகளை ஒரு சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார். மெஷினோடு வரும் புத்தகத்தை இந்தத் தீவில் எழுத்து விடாமல் படித்த ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். மற்றவர்கள் அதன்மேல் ஊறுகாய் பாட்டிலை வைப்பார்கள். நானும் வைத்தேன்.

இனி என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது.

நாங்கள் இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து திரும்பிய குடும்பம். நிக்கோபார் பக்கத்துக் கச்சால் தீவில் ரப்பர் தோட்ட வேலை கொடுத்துக் குடியேற்றினார்கள். சுனாமி என் கணவரையும் வீட்டையும் கொண்டுபோனது. தண்ணீரில் அடித்து வந்த தகரக் கூரை என் வலது கையைக் கிழித்தது. அதிலிருந்து இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவுக்கு வந்து, ஆபீஸ்காரர்கள் பன்னிரண்டு பேருக்கு மதியச் சாப்பாடு போட ஆரம்பித்தேன். சமைத்துவிடுவேன், தேய்க்கத்தான் முடியாது. மாற்றலாகிப் போன ஒரு கப்பற்படை அதிகாரியின் மனைவி தன் பழைய மெஷினை என்னிடம் தள்ளிவிட்டுப் போனார். சில மாதம் ஓடியது. பிறகு அடியில் தண்ணீர் தேங்கி, வீடெல்லாம் நாறியது.

அந்த நேரம் பார்த்துக் கூடலூரிலிருந்து அண்ணன் வந்திருந்தார், என்னைக் கையோடு அழைத்துப் போக. "ஒத்தக் கைய வச்சுக்கிட்டு இங்க யாருக்கு வடிச்சுக் கொட்டப் போற தங்கச்சி? எங்ககூட வந்திரு" என்றார். தங்கமான மனிதர். அண்ணன் வீட்டில் எனக்குச் சோறு உண்டு. என் அடுப்பு என்று ஒன்று இருக்காது. "அடுத்த கப்பல் கிளம்புறதுக்குள்ள இந்த மெஷின் ஒழுங்கா ஓடுனா நான் இங்கதான். ஓடலேன்னா பொட்டியக் கட்டுறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். கப்பலுக்கு ஒரு வாரம் இருந்தது.

யாரோ சொல்லி பிலோமினா வந்தார். வந்தவர் மெஷினைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"நேத்து என்ன சமையல் வச்சீய?"

"ஏன், விருந்துக்கா வந்திருக்க?"

"சும்மா சொல்லுங்கக்கா."

"சங்கரா மீன் குழம்பு, தேங்காய்ப்பூ போட்டு பீன்ஸ்."

"முந்தாநாளு?"

"மீன்தான். அந்தமான்ல வேற என்ன?"

"அப்ப எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்று கீழே உட்கார்ந்தார். ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை. தேங்கிய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, அடியிலிருந்த வடிகட்டியைக் கையால் திருப்பித் தூக்கினார். வலை முழுக்க மீன் செதில். கூடவே கறிவேப்பிலைக் காம்பு. மேலே சுழன்று தண்ணீரைப் பீய்ச்சும் கையின் ஓட்டைகளில் தேங்காய்த் துருவல். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தார். பிறகு மெஷினை முன்னால் இழுத்தார். தண்ணீர் வெளியேறும் குழாய் சுவரோடு நசுங்கி மடிந்திருந்தது. இடம் போதவில்லை என்று மெஷினை இடித்துத் தள்ளியது நான்தான்.

"அக்கா, நம்ம ஆளுங்க ரெண்டே வகை. ஒண்ணு, எச்சில்னு பயந்து தேச்சுக் கழுவிட்டு உள்ள வப்பாக. இல்ல, முள்ளும் செதிலுமா அப்படியே தள்ளுவாக. ரெண்டும் வேண்டாம். குப்பையில தட்டிட்டு வைங்க, போதும். வடிகட்டிய ராத்திரிப் பாத்திரத்தோட ஒருக்கா அலசுங்க."

தண்ணீர் சரசரவென்று வடிந்து போனது. நான் அண்ணனை ஒரு பார்வை பார்த்தேன்.

அந்தத் திமிர் இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை. முன்பே லேசாக இருந்த வெள்ளைப் படலம், இப்போது தட்டுகளில் அப்பிக் கிடந்தது. சாப்பிட வந்த தெலுங்குக்காரர் தட்டில் விரலால் கோடு போட்டுக் காட்டி, "க்யா அக்கா, ப்ளேட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சிட்டியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் மூன்று பேர் வரவில்லை. அதற்கு மறுநாள் ஐந்து பேர். அண்ணன் என் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி வைத்தார்.

மறுபடி பிலோமினா வந்தார். இந்தத் தடவை மெஷினின் அடித்தட்டில் இருக்கும் வட்டமான மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார்.

"இதுல உப்பு போட்டதே இல்லையாக்கா?"

நான் குளியலறைப் பக்கம் பார்த்தேன்.

"இந்தக் கெணத்துத் தண்ணி கடினத் தண்ணி. இதுக்குன்னு இருக்கிற கல்லுப்பப் போட்டாத்தான் மெஷின் அதப் பக்குவமாக்கும். இல்லேன்னா இப்படித்தான் வெள்ள பூக்கும். மெஷின் குடுத்த அம்மா உப்பு ஒண்ணும் குடுக்கலியா?"

கொடுத்திருந்தார். பிரிக்காத பொட்டலம் குளியலறை மூலையில் கிடந்தது. அதைப் பிலோமினாவே கண்டுபிடித்து எடுத்து வந்தார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ!

"உப்புத் தண்ணி எங்க வீட்டுக்குள்ள வந்தது பத்தாதா? புருஷனக் கொண்டு போச்சு. கையக் கொண்டு போச்சு. இப்ப நானே உப்ப அள்ளி வீட்டுக்குள்ள கொட்டணுமா? எடுத்துட்டுப் போடி வெளிய!"

குழம்புக்கு உப்புப் போடுகிறாயே என்று நீங்கள் கேட்கலாம். குழம்புக்கு ஒரு கரண்டி போடுவது வேறு. தண்ணீர் நிற்கும் குழிக்குள் ஒரு கிலோ உப்பைக் கொட்டி, வீட்டுக்குள் உப்புத் தண்ணீர் நிரம்புவதைக் குனிந்து பார்ப்பது வேறு. இதை நான் யாருக்கும் விளக்கியதில்லை. வெட்கமாக இருந்தது. கப்பலில் ஏறிக் கூடலூர் போனாலும் போவேன், இதைச் செய்ய மாட்டேன் என்றிருந்தேன்.

வேறு யாராக இருந்தாலும் அன்று எனக்குப் புத்திமதி சொல்லியிருப்பார்கள். பிலோமினா கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்தார்.

"ரசத்துக்குக் கறிவேப்பிலை இருக்காக்கா?"

"கிண்ணம் நெறைய இருக்கு."

"அது வாடிப் போச்சு. போயி நல்ல கொழுந்தா பாத்துப் பறிச்சிட்டு வாங்க. மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்ல."

போனேன். மரத்தடியில் நின்று ஒவ்வொரு இலையாகக் கிள்ளினேன். உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினேன். தரையில் ஓர் உப்புக்கல் கிடையாது. பொட்டலத்தையும் காணோம். "நல்ல வாசமால்லா இருக்கு" என்று என் கையிலிருந்த கொத்தில் பாதியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பழைய படலம் ஒரே தடவையில் போகவில்லை. மறுநாளும் வந்து, ஒரு கிண்ணம் வினிகரை மேல்தட்டில் வைத்து ஓட்டினார். மூன்றாம் நாள் அண்ணன் ஒரு தட்டை எடுத்து, அதில் தன் முகத்தைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு என் பெட்டியைப் பரணில் ஏற்றினார். கப்பலில் அவர் தனியாகப் போனார். தெலுங்குக்காரரும் மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

அதிலிருந்து மாதம் ஒரு தடவை பிலோமினா வருவார். படியேறும்போதே, "அக்கா, கறிவேப்பிலை தீந்து போச்சா?" என்று குரல் கொடுப்பார். நான் கொல்லைக்குப் போவேன். ஆறு வருடம் இது நடந்தது. உப்பு என்ற சொல்லை அவர் என் வீட்டில் மறுபடி எடுக்கவேயில்லை. வேறு எங்கும் சொல்லவும் இல்லை. அவருடைய கணவருக்கே தெரியாது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

வரும்போதெல்லாம் ஊர்க்கதை கொண்டு வருவார். ஒரு பேங்க் அதிகாரியின் மனைவி மெஷினுக்குரிய பொடி தீர்ந்துவிட்டதென்று துணிப்பொடியைப் போட, நுரை சமையலறையைத் தாண்டிக் கூடத்துக்கு வந்துவிட்டதாம். அந்த அம்மா நாற்காலி மேல் ஏறி நிற்கிறாராம். "மேடம், நாலு துணியையும் உள்ள போட்டிருந்தீயன்னா எல்லா வேலையும் ஒண்ணா முடிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு நுரையை வாளியில் அள்ளி ஊற்றியிருக்கிறார். சிப்பிகாட் பகுதியில் ஒரு வங்காளப் பெரியவர் வீட்டில் மெஷினுக்குள் தண்ணீரே இறங்கவில்லை. மோட்டாரை மாற்ற வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இவர் போய், "தாதா, கல் க்யா பனாயா?" என்று நேற்றைய சமையலை இந்தியில் கேட்டிருக்கிறார். கடுகு அரைத்த மீன் என்றாராம். தண்ணீர் நிறைந்துவிட்டதா என்று காட்டும் மிதவைக்கு அடியில் ஒரு மீன்முள் சிக்கியிருந்தது. மிதவை மேலேயே நின்றதால், தண்ணீர் நிறைந்துவிட்டது என்று மெஷின் நினைத்திருக்கிறது. முள்ளை எடுத்துக் கையில் கொடுத்தாராம். "பழுதுல பாதி அடுப்புல இருந்துதான்கா வருது" என்பார்.

அடிக்கடி அவர் சொல்லும் இன்னொன்று: "சத்தம் மாறுனா அன்னைக்கே சொல்லுங்க. நாளைக்குன்னு தள்ளுனா மெஷின் நம்மளத் தள்ளிரும்." கடைசியாக வந்தபோது நான்கு படி ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை. "ஆஸ்பத்திரிக்குப் போடி" என்று கத்தினேன். "சவத்த விடுங்கக்கா, வாயுவாத்தான் இருக்கும். பெருநாள் கழியட்டும்" என்றார். ஊரார் மெஷின் சத்தத்தையெல்லாம் கேட்டவருக்குத் தன் சத்தம் கேட்கவில்லை. எனக்கு அவர்மேல் இன்னும் கோபம்தான். அன்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாத என்மேல் அதைவிடக் கோபம்.

அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள் என் மெஷினில் உப்புக் குறைந்ததற்கான சிவப்பு விளக்கு எரிந்தது. பார்க்காத மாதிரி இருந்தேன். ஒரு வாரத்தில் தட்டுகளில் மறுபடி வெள்ளை பூத்தது. தெலுங்குக்காரர் இந்தத் தடவை கேலி செய்யவில்லை. தட்டைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு சாப்பிட்டார். அது கேலியைவிட மோசமாக இருந்தது.

அன்று சாயங்காலம் சூசை வந்து பிலோமினாவின் சாப்பாட்டுப் பையைத் தொம்மென்று மேஜை மேல் வைத்தார். "இதுல ஒரு பாட்டில் உங்களுக்குன்னு இருக்குக்கா. என்னன்னு எனக்குப் புரியல. கறிவேப்பிலைன்னு எழுதியிருக்கு, உள்ள பாத்தா உப்பு" என்றார்.

பெரிய கண்ணாடி பாட்டில். கழுத்துவரை கல்லுப்பு. மேலே ஒட்டிய காகிதத்தில் அவருடைய கோணல் எழுத்தில், "கராச்சர்மா அக்கா – கறிவேப்பிலை." அடுத்த மாதத்துக்கானதை முன்கூட்டியே நிரப்பி வைத்திருந்திருக்கிறார். பாட்டிலைக் கட்டிக்கொண்டு அழுதேன். சூசைக்கு அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் போன பிறகு மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். மூடியைத் திருகினேன். விரல் மடங்காத கையால் பாட்டிலைத் தாங்கி, இடது கையால் புனலைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே இருட்டில் தண்ணீர் நின்றது. கண்ணை மூடவில்லை. கடைசிக் கல்வரை கொட்டினேன். சிந்தியதைத் துடைத்தேன், மூடியை இறுக்கினேன், உடனே மெஷினை ஓட்டினேன்.

பிலோ, எல்லாம் நீ செய்கிற மாதிரியே செய்தேன். கொல்லைக்குப் போகவில்லையடி. மெஷின் முன்னாலேயே இருந்தேன். நிம்மதியாகத் தூங்கு.