ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு கதவு

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு மனோன்மணி சீதனம் கேட்கிறாளாம் என்ற கதை உயிலங்குளம் பக்கமெல்லாம் பரவிவிட்டது. மோட்டார் சைக்கிள் கேட்டாள் என்றார் ஒருவர். பசுவும் கன்றும் என்று சத்தியம் பண்ணினார் இன்னொருவர். விசாரித்துப் பார்த்தால் பாதிதான் உண்மை. கேட்டது மெய், மோட்டார் சைக்கிளும் பசுவும் பொய்.

சண்டைக்கு முன்பு அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இடம் போதாமல் வேப்பமரத்தடியிலும் வகுப்பு நடந்தது. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கட்டடம் புதிது, கூரை புதிது, கதிரை மேசை புதிது. பிள்ளைகள்தான் பதினேழே பேர். பக்கத்து ஊரிலும் இதே கோலம். இருபது தேறாவிட்டால் மூடிவிடுவார்கள் என்று பேச்சு. அந்த நேரம் பார்த்து மனோன்மணி தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து ஐந்து பிள்ளைகளோடு வந்திறங்கினாள். ஐந்தும் பள்ளிக்கூட வயது!

உள்ளூர்ப் பள்ளிக்கூட அதிபர் பரமநாதன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். அவர் பாயில் கால் மடித்து இருப்பதற்குள் பக்கத்து ஊர் அதிபர் மார்த்தா ரீச்சர் கேக்கோடு வந்துவிட்டார். மனோன்மணியின் தறப்பாள் கூரைக் கொட்டிலுக்குள் இரண்டு மாப்பிள்ளை வீட்டார் ஒரே நேரத்தில் சம்பந்தம் பேச வந்த மாதிரி ஆகிவிட்டது.

"சேர், உங்கட வரவு இடாப்பில ஆட்டுக்குட்டிக்கும் பேர் இருக்காமே?" என்றார் மார்த்தா ரீச்சர்.

"ஆடெண்டாலும் நேரத்துக்கு வருது ரீச்சர். உங்கட ஆசிரியர்மார் வருவினமோ?"

மனோன்மணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முகாமில் எந்த வரிசையிலும் கடைசியில் நின்றவள் அவள். ஆனால் மூத்தவள் தனுசியா சிரிக்கவில்லை. பதின்மூன்று வயது. இரண்டு பள்ளிக்கூடத்தையும் போய்ப் பார்த்துவிட்டு, படிப்பே வேண்டாம் என்று வந்து குந்தியிருந்தாள். இரண்டிலும் திறப்புவிழா நடந்திருந்தது, பெயர்க்கல் பதித்திருந்தது, கக்கூசுக்குக் கதவு மட்டும் இல்லை.

"எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். ஆர் முதல்ல கக்கூசுக்குக் கதவு போடுறீங்களோ, அங்க அஞ்சும் வரும். மூத்தவள் வராட்டி ஒண்டும் வராது," என்றாள் மனோன்மணி.

மேலிடத்துக்கு எழுதிப்போடுவதாகச் சொல்லி மார்த்தா ரீச்சர் எழுந்து போனார். பரமநாதன் எழுதவில்லை. அன்று பின்னேரமே தன் கந்தோர் அறைக் கதவைக் கழற்றி, அடியில் ஒரு சாண் அரிந்து, கக்கூசுக்குப் பூட்டினார். உள்ளே கொளுவக் கொண்டி இல்லை. "நாளைக்குத் தாறன் அண்ணை," என்று முன்வீட்டு யாகப்பரின் கோழிக்கூட்டுக் கொண்டியை வாங்கிவந்து அடித்தார்.

தனுசியா உள்ளே போனாள். கொண்டியைப் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். வெளியே வந்து, "சரி, வாறன்," என்றாள். மனோன்மணி கைதட்டிவிட்டாள், அதிபரும் தட்டினார்.

அடுத்த தவணைக்குள் பக்கத்து ஊர்ப் பெண்பிள்ளைகளும் வந்து சேர, வரவு முப்பதைத் தாண்டியது. கதவில்லாத கந்தோரில் அதிபர் காற்று வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

யாகப்பர் மட்டும் மனோன்மணியை வழியில் கண்டால் விடுவதில்லை.

"பிள்ளை, கோழியெல்லாம் ஊர் சுத்துது. என்ர கொண்டி எங்க?"

"சேரிட்டக் கேளுங்கோ அண்ணை."

"அவர் உன்னட்டக் கேக்கச் சொல்லுறார்!"

தனுசியா பதினோராம் வகுப்பு முடித்து, சாதாரண தரப் பரீட்சையும் எழுதிவிட்டாள். கொண்டி இன்னும் கொடுபடவில்லை.