மயில்கழுத்து நிற வண்டியும் என் தம்பியும்

என் தம்பியைத் தெருவில் எல்லோரும் மேகம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கார் மெக்கானிக்குக்கு வைக்கிற பெயரா இது? ஆனால் அவனோடு ஒரு நாள் பழகியவர்கள்கூட அந்தப் பெயரை மறுத்ததில்லை. ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்பேனரைத் தேடுவான். சாப்பிட உட்கார்ந்தால் முதல் வாய்க்கும் இரண்டாம் வாய்க்கும் நடுவில் எங்கேயோ போய்விட்டு வருவான். "டேய், தட்டு இங்க இருக்கு" என்று அதட்டினால் ஒரு சிரிப்பு சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு யாருக்கும் திட்ட மனசு வராது. எனக்கு வரும். அக்காவாகப் பிறந்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா?

எங்களுக்கு ஷெட் ஒன்று, தொழில் இரண்டு. முன்பக்கம் என் தையல் மெஷின். கார்களுக்கு சீட் கவர் தைக்கிறேன். பின்பக்கம் அவன் வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கிற குழி, ஜாக்கி, கிரீஸ் டப்பா எல்லாம். நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரை. அவன் கிரீஸ் கையோடு அந்தத் திரையைத் தாண்டினால் நான் கத்தரிக்கோலோடு எழுந்து நிற்பேன்.

ஊரார் வண்டியெல்லாம் அவன் கைக்கு வரும். எல்லாவற்றையும் பார்த்து, ஓட்டி, துடைத்து, சாவியைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு நடந்து போவான். சொந்தமாக ஒரு வண்டி கிடையாது. கேட்டால், "எதுக்குக்கா? எல்லா வண்டியும் நம்மகிட்டதான வருது" என்பான். சாமியார் மாதிரிப் பேசிக்கொண்டிருந்தவனை மயக்கிப் போட்டது அந்தச் சின்ன வண்டிதான்.

பல் டாக்டரம்மாவின் வண்டி அது. பக்கத்துக்கு ஒரு கதவு, பின்னால் தூக்குகிற கதவு, மயில்கழுத்து நிறம். நிற்கும்போது பரம சாது. ஆக்ஸிலரேட்டரில் காலை வைத்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். டர்போ வைத்த எஞ்சின். அதனால் சீராட்டும் அதிகம். ஆயில் மாற்றுவதில் நாள் தள்ளக் கூடாது, மட்டமான ஆயில் ஆகாது. வேகமாக ஓடி வந்ததும் பட்டென்று அணைக்கவும் கூடாது. நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சூடு தணிந்த பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும். "வந்துட்டாங்கப்பா மகாராணி" என்று நான் கிண்டல் செய்வேன். அவன் காதில் விழாது.

அது சர்வீஸுக்கு வருகிற அன்று ஷெட்டில் ரேடியோ பாடாது. பழைய ஆயிலை இறக்கி, இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பான். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையாலேயே முறுக்குவான். பிரேக் பேடைக் கழற்றித் தேய்மானம் பார்ப்பான். எல்லாம் முடிந்ததும் ஏரிக்கரை ரோட்டில் ஒரு ஓட்டம். திரும்பி வந்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு எஞ்சினை அணைத்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பான்.

ஒருமுறை டீ ஆறிப்போகிறதே என்று போய்க் கண்ணாடியைத் தட்டினேன். கதவை மெல்லத் திறந்து, "ஷ்ஷ்... தூங்கப் போகுதுக்கா" என்றான்.

"யாருடா?"

பானெட்டைக் கண்ணால் காட்டினான். இவனை எந்த டாக்டரிடம் காட்டுவது என்று யோசித்துக்கொண்டே பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். நான் தைத்த கவர்தான், ஆனால் அதில் அதுவரைக்கும் உட்கார்ந்ததில்லை. தகரக் கூரையின் ஓட்டைகளிலிருந்து வெயில் சின்னச் சின்ன வட்டமாகக் கண்ணாடிமேல் விழுந்திருந்தது. சூடான இரும்பு ஆற ஆற, டிக், டிக் என்று ஒரு சத்தம். மழை விட்ட பிறகு கூரையிலிருந்து சொட்டுமே, அந்த மாதிரி. முதலில் அடுத்தடுத்து வந்தது, பிறகு விட்டு விட்டு வந்தது. ஒவ்வொன்றுக்கும் அடுத்தது எப்போது என்று காத்திருக்க ஆரம்பித்தேன். தெருச் சத்தம் எங்கேயோ தூரத்தில் போய்விட்டது. என் டீயும் சேர்ந்து ஆறிப்போனதுதான் மிச்சம். வெளியே வந்தபோது எனக்கு எந்தத் துணியை வெட்டிக்கொண்டிருந்தேன் என்பதே மறந்துபோயிருந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு மேகம் போதும் என்று அதோடு அந்தப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் டாக்டரம்மா மூச்சு வாங்க வந்து நின்றார். வயிற்றில் இரட்டைக் குழந்தை. "குனிஞ்சு பின் சீட்டுக்குள்ள ரெண்டு பிள்ளைங்களை எப்படி வைக்கிறது? பெரிய வண்டி எடுக்கப்போறேன். இத வித்துடலாம்னு இருக்கேன்" என்றார். என் தம்பி கையிலிருந்த துணியைக் கீழே போட்டான்.

அவர் நல்ல மனுஷி. அவன் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "நீச்சல் மாஸ்டர் ஒருத்தர் முந்தியே கேட்டுட்டார். வந்து பாருங்கன்னு வாக்கு குடுத்துட்டேன். மெக்கானிக்கையே விசாரிச்சுக்குங்கன்னும் சொல்லிட்டேன். அவர் வேணாம்னுட்டா வண்டி உங்களுக்குத்தான். முடிஞ்சத குடுங்க" என்று வண்டியையும் சாவியையும் அவனிடமே விட்டுப் போனார்.

அன்று முழுக்க அவன் தரையில் இல்லை. சாயங்காலம் என் மெஷின் பக்கத்தில் வந்து நின்றான். கையில் கிரீஸ் இருந்தது. கத்தரிக்கோலை எடுக்க எனக்குத் தோன்றவில்லை.

"அக்கா, அது நமக்கு வந்தா ஞாயித்துக்கிழம எங்கயாவது போலாம்."

"எங்கடா?"

"எங்கயாவது."

பிறந்ததிலிருந்து "எனக்கு இது வேண்டும்" என்று அவன் வாய் திறந்து கேட்டதே இல்லை. என் பழைய சைக்கிள், யாரோ வேண்டாம் என்ற சட்டை, எது கிடைத்ததோ அதோடு சிரித்துக்கொண்டிருந்தவன். இந்த வண்டி இவனுக்கு வந்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

மாஸ்டர் வருகிற அன்று காலையிலேயே அவனை உட்கார வைத்துச் சொன்னேன். "நீ ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம். வாயை மட்டும் மூடிட்டு நில்லு. மிச்சத்த நான் பாத்துக்கறேன். புரியுதா?" நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான்.

மாஸ்டர் வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். தானே ஸ்டார்ட் செய்து, பானெட்டைத் திறந்து, தலையைச் சாய்த்துக் கேட்டார். எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. "எப்படிங்க வண்டி?" என்று தம்பியைக் கேட்டார். நான் சொன்ன சொல் தவறாமல் அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் திரையை விலக்கிக்கொண்டு போனேன். "நல்ல வண்டிதான் சார். என்ன, கொஞ்சம் ஆயில் குடிக்கும்."

"எவ்வளவு குடிக்கும்?"

"ஊத்த ஊத்தக் குடிக்கும் சார். போன வாரம் ஊத்துனோம், இந்த வாரம் காணோம்."

மாஸ்டரின் முகம் சுருங்கியது. கதவின் மேலிருந்த கையை எடுத்துக்கொண்டார். முடிந்தது கதை, வண்டி நம்முடையது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே கும்மாளம்.

"பொய்!"

இடி விழுந்த மாதிரி இருந்தது. அவன் குரலா அது? என் நாற்பது வயசுக்கு அன்றுதான் முதல் தடவையாக அவன் சத்தம் போட்டுக் கேட்கிறேன்.

"ஒரு சொட்டு குடிக்காது சார்! யார் சொன்னது?" என்று, நான் ஏதோ வழியோடு போகிறவள் மாதிரி, என்னைத் திரும்பியும் பார்க்காமல் பின்னால் ஓடினான். சலவை செய்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துப் புகைக்குழாய் முன்னால் பிடித்தான். "பாருங்க, எண்ணெய்ப் பிசுக்கு இருக்கா? நீலப் புகை வருதா? ஏறுங்க சார், நீங்களே வந்து பாருங்க!"

சண்டாளன்! நடுவில் எதையாவது சொல்லிக் கெடுக்கலாம் என்ற நப்பாசையில் நானும் முன் சீட்டை மடக்கிப் பின்னால் நுழைந்துகொண்டேன். தம்பி ஓட்ட, வண்டி ஏரிக்கரைக்கு ஏறியது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் மரங்கள். கியர் மாறியதே தெரியவில்லை. மரநிழல் வெயில், மரநிழல் வெயில் என்று என் மடியில் ஓடிக்கொண்டே இருந்தது. கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. சாப்பாட்டு நடுவில் எங்கேயோ போவானே, அந்த இடத்துக்கே நேராக வந்து சேர்ந்துவிட்ட மாதிரி இருந்தான். சொல்ல வைத்திருந்த பொய் ஒன்றும் என் வாயில் வரவில்லை.

திரும்பி வந்ததும் மாஸ்டர், "எடுத்துக்கறேன்" என்றார். அங்கேயே டாக்டரம்மாவுக்கு போன் போட்டுப் பேசி முடித்தார். அணைப்பதற்கு முன்னால் எவ்வளவு நேரம் ஓடவிட வேண்டும், எந்த ஆயில் ஊற்ற வேண்டும், எல்லாவற்றையும் தம்பி பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். வண்டி தெரு முனை திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்தான். பிறகு குழியின் விளிம்பில் போய் உட்கார்ந்தான்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "அறிவு இருக்காடா உனக்கு? கைக்கு வந்தத தாரை வார்த்துட்டியே! ஒரு அஞ்சு நிமிஷம் வாயை மூடிட்டு நிக்க முடியல உன்னால?"

அவன் நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது.

"நீ அதப் போய் குடிக்கும்னு சொல்லிட்டியேக்கா. அது பக்கத்துலதான நின்னுச்சு. காதுல விழுந்திருக்குமோ?"

எனக்கு எங்கிருந்து அழுகை வந்தது என்று தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில், கிரீஸ் மேலேயே, உட்கார்ந்தேன்.

"விழுந்திருக்காதுடா" என்றேன். "எஞ்சின் ஓடிட்டுத்தான இருந்துச்சு. அந்தச் சத்தத்துல ஒண்ணும் கேட்டிருக்காது."